எங்க ஊரில் அதெல்லாம் இல்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லாவிப் பக்கம் ஏ.டி.எச்.டி. என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "அதெல்லாம் பெங்களூர்ல பெரிய ஸ்கூல் போற பசங்களுக்கு வர்றது சார். நம்ம பசங்க காடு மேடுன்னு சுத்தி வளர்றதுங்க. கொஞ்சம் சேட்டை பண்ணும், வயசு வந்தா அடங்கிடும்." கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று முழுப்பெயரையும் சொன்னால் சிரிப்பே வந்துவிடும். இதைச் சொல்பவர்கள் விவரம் கெட்டவர்களாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. இருபது வருடம் வகுப்பில் நின்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய தாய்மார்கள் சொல்கிறார்கள். கிளினிக் வாசலில் கூட்டம் நிற்க வைத்திருக்கும் டாக்டர்களில் சிலரும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். கண்ணால் கண்டதைத்தான் பேசுகிறோம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். கண்டதெல்லாம் சரி, அதிலிருந்து வந்து சேர்ந்த முடிவுதான் தப்பு என்பது என் வாதம்.

பணக்கார வியாதி என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கோயம்புத்தூர் மாவட்டத்துப் பள்ளிகளில் 6 முதல் 11 வயதுள்ள 770 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கிட்டார்கள். 11.32 சதவீதப் பிள்ளைகளிடம் இந்தக் குறைபாடு தெரிந்தது. கேள்வித்தாளை வைத்து எடுக்கும் கணக்கு, மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து உறுதிசெய்யும் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் வரும் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. அதே ஆய்வின் இன்னொரு வரிதான் எனக்கு முக்கியம். நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளில் 6.84 சதவீதம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளில் 16.33 சதவீதம். பெங்களூரில் இல்லை, அமெரிக்காவில் இல்லை, நம் தமிழ்நாட்டிலேயே எடுத்த கணக்கு இது. ஏழை வீட்டில்தான் அதிகம் என்கிறது. எங்க ஊரில் இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

உலக அளவில் 102 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வந்த அறிக்கை 5.29 சதவீதம் என்றது. நாட்டுக்கு நாடு எண் ஏறி இறங்குவதற்குப் பெரும்பாலும் அளக்கும் முறைதான் காரணம் என்றும் அது சொன்னது. சரி, ஐந்து சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். அந்த இரண்டு பேர் எங்கே என்று கேட்டால் நம் ஆசிரியருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. பெயர் சொல்லி, பெஞ்சைக் காட்டி, அண்ணனும் அப்படித்தான் இருந்தான் என்று வம்சாவளியும் சேர்த்துச் சொல்வார். அவர் வைத்திருக்கும் காரணம்தான் வேறு: "திமிரு", "படிப்பு ஏறல", "வீட்ல கண்டிப்பு பத்தல".

இந்தப் பகுதியில் அந்தக் காரணம் செல்லுபடியாவதற்கு ஒரு வசதி இருக்கிறது. வேறு ஊர்களில் படிப்பு வராத பிள்ளை கண்முன்னாலேயே நின்று தொந்தரவு கொடுத்துக்கொண்டிருப்பான். இங்கே அவன் சத்தமில்லாமல் மறைந்துவிட முடியும். பக்கத்து ஊத்தங்கரை, விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். 2017-இல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தும்வரை அந்த ஊர்ப் பெயர் மே மாதத்து நாளிதழ்களில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. தேர்ச்சி சதவீதத்தைக் காசாக்கும் எந்தப் பள்ளியும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காராத பிள்ளையை நீண்ட நாள் வைத்துக்கொள்ளாது. பெற்றோரைக் கூப்பிட்டு, "இவனுக்கு இங்க செட் ஆகாதுங்க" என்று மரியாதையாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடும். அரசுப் பள்ளிக்கு வருவான். அங்கே ஒன்பதாம் வகுப்பிலோ பத்திலோ ஒருநாள் வராமல் நின்றுவிடுவான். பதினெட்டு ஆகும்வரை மாமாவோடு பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலை, மாங்காய் சீசனில் மண்டியில் சுமை. அப்புறம் பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் என்று எங்காவது கம்பெனியில் கான்ட்ராக்டில் ஹெல்பர். கைக்குச் சம்பளம் வருகிறது, வீட்டில் யாருக்கும் புகார் இல்லை. குறைபாடு இருந்த பிள்ளையை ஊர் இப்படி வேலைக்கு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகு, அப்படியொரு பிள்ளையே இங்கே இருந்ததில்லை என்கிறது.

அடையாளம் காண்பது அப்படியொன்றும் ரகசிய வித்தை இல்லை. மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013-இல் வந்தது. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், மிகைத்துடிப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது என்று அது வகுத்திருக்கிறது. நம் வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். கணக்கு போடத் தெரியும், ஆனால் மூன்றாவது வரியில் கூட்டலைக் கழித்தலாக்கி விடுவான். கேள்வித்தாளின் பின்பக்கத்தைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டான். நேரே நின்று பேசினாலும் காதில் வாங்காதவன் போலிருப்பான். ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு கால் செருப்பு, மழைக்கு எடுத்துப்போன குடை எதுவும் வீடு திரும்பாது. வீட்டுப்பாடத்தை ராத்திரி அழுது அழுது முடித்திருப்பான், காலையில் நோட்டைக் கொண்டுவர மறந்திருப்பான். (முடித்த வீட்டுப்பாடத்தை மறந்து வைத்துவிட்டு வரும் பிள்ளையைச் சோம்பேறி என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?) மிகைத்துடிப்புப் பக்கத்துப் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே நெளிவான், எழுந்துபோவான், கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவான், வரிசையில் நிற்க அவனால் ஆகாது, மரத்தில் ஏறிய பிறகுதான் இறங்குவதைப் பற்றி யோசிப்பான். சிலரிடம் இரண்டும் கலந்திருக்கும்.

இங்கே வழக்கமாக ஒரு கேள்வி வரும், அதுவும் வெற்றிப் புன்னகையோடு. "செல்போன்ல மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறானே, அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வந்துச்சு?" இந்த ஒரு கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் குறைபாட்டில் கவனம் என்ற சரக்கு இல்லாமல் போவதில்லை. வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் முடிவதில்லை. புதிதாக, விறுவிறுப்பாக, உடனுக்குடன் பரிசு தரும் எதன்மீதும் அந்த மூளை போய் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் "வெரிகுட்"டுக்காக அது காத்திருக்காது. ஆகவே போனில் மூழ்கிக் கிடப்பது இந்தக் குறைபாடு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கூப்பிட்ட குரல் கேட்காமல், பசி தெரியாமல், மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஆடுகிறான் என்றால் அதையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போன்தான் இதைக் கொண்டுவந்தது என்பவர்கள் நாட்காட்டியைக் கொஞ்சம் பின்னால் புரட்டட்டும். ஒன்றில் மனதை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே எழுதிவிட்டார். 1840-களில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் எழுதிய சிறுவர் புத்தகத்தில், சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டி ஆட்டி மேசைவிரிப்போடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும் பிலிப் என்ற பையன் வருகிறான். 1902-இல் லண்டனில் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவே ஆற்றினார். அப்போது கல்லாவியில் மின்விளக்குகூட இல்லை. போன் தூக்கத்தைக் கெடுக்கிறது, இருக்கும் சிதறலை அதிகமாக்குகிறது, அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பழியை மொத்தமாக அதன் தலையில் கட்டிவிட்டு எழுந்து போவதுதான் பிடிக்கவில்லை.

அடுத்தது வளர்ப்பு. இதில் அப்பாக்கள் தப்பித்துக்கொள்வார்கள், அம்மாக்கள் மாட்டுவார்கள். "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்று மாமியார் சொல்லாத வீடு குறைவு. இரட்டையர்களை வைத்து உலகெங்கும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் குறைபாட்டில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 70 சதவீதத்துக்கு மேல் மரபுவழியாக வருவது என்று தெரிகிறது. உயரம் அப்பனைப்போல வருவதை ஒப்புக்கொள்கிற ஊர், இதையும் ஒப்புக்கொள்ளலாம். பிரம்பு வைத்தியம் பேசுபவர்களுக்கு நம் மாவட்டத்துக் கதையே ஒன்று இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் பழுப்பேறிய பல்லைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரித்த காலம் உண்டு. பல் விளக்கத் தெரியாத ஊர் என்றார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. ஏனென்றால் அது நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு, பல் முளைக்கும் முன்பே உள்ளே இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது, 2013-இல்தான் அது வந்தது. உள்ளேயிருந்து வந்ததை வெளியே தேய்த்துப் போக்கச் சொல்லும் அதே புத்திதான் பிரம்பைத் தூக்குகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்திருக்கிறது என்பது தனி. சட்டமே இல்லாவிட்டாலும் அடியால் பயன் இல்லை. அடி வாங்கிய பையன் அரை மணி நேரம் பயத்தில் உட்காருவான். ஆசிரியர் அந்த அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தன் வைத்தியம் பலித்ததாக நம்பிவிடுவார்.

பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சேட்டை என்ற ஒற்றை அளவுகோலை வைத்துத் தேடினால் அவர்களில் பெரும்பாலோர் சிக்கவே மாட்டார்கள். அவர்களிடம் கவனக்குறைவு வகைதான் அதிகம் காணப்படும். கடைசிக்கு முந்தைய பெஞ்சில் ஜன்னலோரம், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், பாடம் நடக்கும் நேரமெல்லாம் வேறு எங்கோ இருக்கும் பெண்ணை ஆசிரியர் "அமைதியான பொண்ணு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பாலைப் பொங்கவிட்டால் வீட்டில் "எங்கடி புத்தி?" என்று ஏச்சு. அதனாலேயே அந்தப் பெண் எல்லாவற்றையும் மூன்றுமுறை சரிபார்த்து, பயந்து பயந்து, தன் மறதியை மூடி மறைக்கப் பழகிவிடுகிறாள். குழந்தைத் திருமணச் செய்தி இன்னும் ஓயாத மாவட்டம் இது. "படிப்புல நாட்டமில்ல" என்ற ஒரு வரி இங்கே ஒரு பெண்ணின் பதினாறு வயதில் என்னவெல்லாம் செய்துவிடும் என்று விளக்க வேண்டியதில்லை.

வளர்ந்தால் அடங்கிவிடும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஏமாற்றுகிறது. ஓடுவதும் குதிப்பதும் வயதோடு குறையும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கவனச் சிக்கல் ஏதோ ஓர் அளவில் பெரியவர்களான பின்னும் கூடவே வரும். கம்பெனி பஸ் வரும் நேரம் தெரிந்தும் வாரத்தில் இரண்டு நாள் அதைத் தவறவிடுபவர், ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுபவர், சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னதும் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ராத்திரி வருந்துபவர், பணம் இருந்தும் தவணை கட்ட மறந்து அபராதம் கட்டுபவர், வீட்டில் மூன்று வேலையை ஆரம்பித்து மூன்றையும் பாதியில் விட்டவர். நம் பகுதியில் இவர்களுக்குப் "பொறுப்பில்லாதவன்" என்று பெயர். இவர்களில் எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. இருக்காது. சிலருக்கு இருக்கும். அந்தச் சிலர் தங்களை அப்படியே நம்பிவிட்டவர்கள். அலைந்துகொண்டேயிருக்கும் மனதை அடக்கக் குடியில் போய் விழுபவர்களும் அவர்களில் உண்டு. ஸ்வீடனில் இந்தக் குறைபாடுள்ள 17,408 பேரை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்கள் மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் பெரிய வாகன விபத்தில் சிக்கும் வாய்ப்பு, எடுக்காத காலத்தைவிட 58 சதவீதம் குறைவாக இருந்தது. ஊத்தங்கரை நெடுஞ்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் பையன்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கென்றே 18 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்திருக்கிறது. முதல் ஆறு கேள்விகளே சந்தேகத்தைக் கிளப்பப் போதும். பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போய், அவர் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, "சார், இது அப்படியே நான்தான்" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் ஒரு புதுக் கூட்டம் கிளம்பியிருக்கிறது, அவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. சாவியைத் தொலைத்தாயா, உனக்கு ஏ.டி.எச்.டி. என்று முப்பது விநாடி ரீல்ஸில் சான்றிதழ் கொடுப்பவர்கள். "அப்போ எல்லாருக்குமே இருக்கு" என்று பெரியவர்கள் கேலி செய்ய இவர்களே இடம் கொடுக்கிறார்கள். மருத்துவக் கையேடு அவ்வளவு தாராளமாக இல்லை. ஒன்பதில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும், 17 வயதிலிருந்து ஐந்து. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் மட்டும், வீட்டில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாழ்க்கையில் நிஜமான சேதம் இருக்க வேண்டும். பள்ளியில் மட்டும் துள்ளுகிறான் என்றால் பாடமோ ஆசிரியரோ காரணமாக இருக்கலாம். திடீரென்று போன மாதம் ஆரம்பித்தது என்றால் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். காது மந்தம், கண் பார்வைக் குறை, இரத்தசோகை, தூக்கமின்மை, குடித்துவிட்டு அடிக்கும் அப்பா என்று எது வேண்டுமானாலும் ஒரு பிள்ளையின் கவனத்தைக் கலைக்கும். எழுத்தைக் கூட்டிப் படிக்கவே வராத கற்றல் குறைபாடு தனியாகவும் இருக்கும், சேர்ந்தும் இருக்கும். இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் மருத்துவர் வேண்டும் என்கிறோம். ஆசிரியரோ அம்மாவோ முடிவு சொல்ல வேண்டியதில்லை, சந்தேகப்பட்டால் போதும்.

மருந்து கம்பெனிகளின் சதி என்ற வாதம் வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடுகிறது. அமெரிக்காவில் தேவைக்கு மேல் எழுதித்தள்ளுகிறார்கள் என்ற விவாதம் அந்த நாட்டுக்குப் பொருந்தலாம். இங்கே நிலைமை தலைகீழ். இந்தக் குறைபாட்டுக்கு முதன்மையாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், இந்தியாவில் அட்டவணை எக்ஸ் மருந்து. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கண்ணும் அதன் மேல் இருக்கிறது. பல மருந்துக்கடைகளில் கேட்டாலே கையை விரிப்பார்கள். பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு, அதற்காகத்தான் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே மாத்திரையைத் தொடும்முன் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதுதான் முதல் வழி. முன் பெஞ்சில் உட்காரவைப்பது, பெரிய வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது, நடுவில் எழுந்து போய் சாக்பீஸ் எடுத்துவரச் சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது எல்லாம் காசே ஆகாத வைத்தியம். இதற்கு எந்தக் கம்பெனியும் கமிஷன் தராது.

சலுகைக்காகச் சீட்டு வாங்குகிறார்கள் என்ற புகார் இன்னும் வேடிக்கை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி.க்குப் பெயர் சொல்லி இடம் இல்லை. பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா மாணவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைக்கு அந்த வழியும் எளிதில் திறக்காது. எந்தச் சலுகையை ஏமாற்றிப் பெறுவதற்காக ஒரு தாய் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள்?

எங்க ஊரில் இல்லை என்பவர்களை அரசாங்கத்தின் காகிதமே மறுக்கிறது. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறந்தது முதல் 18 வயதுவரை தேடிப் பார்க்க வேண்டிய 30 கோளாறுகளின் பட்டியல் அதனிடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏ.டி.எச்.டி. இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். கிருஷ்ணகிரியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. போனிலேயே பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. அந்த மருத்துவக் குழுவின் வண்டி வரும் நாளில் நம் பள்ளிகளில் பெரும்பாலும் பல்லும் கண்ணும் எடையும் பார்த்துப் பெயரெழுதிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் இருந்துவிட்டு இதைக் கண்டுபிடிக்க எந்த மருத்துவராலும் ஆகாது. புது இடத்தில், புது முகத்தின் முன்னால், அந்தப் பிள்ளை பத்து நிமிடம் ஒழுங்காகவே இருந்துவிடும். வருடம் முழுக்கப் பார்த்தவர் சொன்னால்தான் தெரியும். வகுப்பாசிரியர் வாய்திறந்து அந்த இரண்டு பெயர்களைச் சொல்வதைத்தான் அந்தப் பரிசோதனை மொத்தமும் நம்பியிருக்கிறது. அவரோ எங்க ஊரில் அதெல்லாம் இல்லை என்று நம்பிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார்.

மேற்கொண்டு பார்க்க நாட்டின் முதன்மையான மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது, குழந்தைகளுக்கென்று தனித்துறையோடு. பெங்களூரில் அது நிற்கும் சாலையின் பெயர் ஓசூர் ரோடு. கட்டட வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் நம் ஆட்கள் தினம் தினம் போய்வரும் அதே ரோடு. ஊரில் அதற்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். பிள்ளைக்குத் தாயத்து கட்ட, வேப்பிலை அடிக்க, குறி கேட்க எத்தனை ஊருக்கும் பஸ் ஏறிப் போகிறவர்கள் அந்த வாசலில் மட்டும் இறங்கத் தயங்குகிறார்கள், அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று. அக்கம்பக்கம் அந்தப் பையனை ஏற்கெனவே "லூசு", "தண்டம்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.